ஓவனில் ஹாஷ் பிரவுன்: செய்முறைகள் எழுதாமல் விடும் நீர்க்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் சமையல் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். அதில் அண்மையில் வெளியான, ஓவனில் ஹாஷ் பிரவுன் செய்யும் குறிப்பைப் பற்றியே இந்தக் கடிதம். உருளைக்கிழங்கைத் துருவி, எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிசறி, 180 டிகிரியில் 20 நிமிடம் "மொறுமொறுப்பாகும் வரை" வைத்து எடுக்க வேண்டும் என்று நான்கே வரிகளில் அந்தக் குறிப்பு முடிந்துவிட்டது. அந்த முறையில் செய்தால் மொறுமொறுப்பு வராது என்பதை, அதே முறையில் செய்து ஏமாந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு வந்திருந்த உறவினர் பன்னிரண்டு பேருக்குக் காலையில் ஹாஷ் பிரவுன் செய்து கொடுக்க நினைத்தேன். வாணலியில் இரண்டு இரண்டாகச் சுட்டு எடுத்தால் முதலில் உட்கார்ந்தவர் சாப்பிட்டு எழுந்த பிறகும் கடைசி ஆளுக்குத் தட்டு வராது என்பதால், ஓவனில் ஒரே ஈடாக முடித்துவிடலாம் என்று இரண்டு கிலோ கிழங்கைத் துருவி, ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்பி வைத்தேன். சொன்ன நேரத்துக்குப் பிறகு கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த ஆவியில் மூக்குக்கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. மேலே மட்டும் ஆங்காங்கே லேசான பொன்னிறம். கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் சாம்பல் நிறத்தில் சொதசொதவென்று வெந்த கூழ். இன்னும் அரை மணி நேரம் வைத்தும் மேற்பகுதி தோல்போல இறுகியதே தவிர உள்ளே எந்த மாற்றமும் இல்லை. அன்றைக்கு எண்ணெய் போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை எண்ணெயை இரட்டிப்பாக்கினேன். எண்ணெய் வடியும் கூழ் கிடைத்தது. பிழை எண்ணெயில் இல்லை, கிழங்கில் இருந்த நீரில்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. தங்கள் வாசகர் ஒவ்வொருவரும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

பச்சை உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்த நீர் துருவலின் மேற்பரப்பில் இருக்கும் வரை, ஓவனுக்குள் எத்தனை டிகிரி வைத்தாலும் துருவலின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கிடைக்கும் சூடு முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் கொடுக்கும் வேதிவினையோ ஏறத்தாழ 140 டிகிரியைத் தொட்ட பிறகுதான் விறுவிறுப்பாக நடக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நடக்கும் இந்த வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார்டின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். ஆக, ஈரம் போகாமல் நிறம் வராது. நிறம் வராமல் மொறுமொறுப்பும் சுவையும் வராது. இது எல்லா அடுப்புக்கும் பொது என்றாலும், வாணலியில் சமாளித்துவிடுகிற ஈரத்தை ஓவனில் சமாளிக்க முடியாது. வாணலியில் சூடான உலோகம் துருவலை நேரடியாகத் தொடுகிறது, ஆவி மேலே தடையின்றிப் போய்விடுகிறது. ஓவனில் சூட்டைக் காற்றும் சுவர்களின் கதிர்வீச்சும்தான் கொண்டுவர வேண்டும். காற்று அந்த வேலையில் மந்தமானது. போதாததற்கு, வெளியேறிய ஆவியும் மூடிய பெட்டிக்குள்ளேயே தங்கி, வறுபட வேண்டியதை அவித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 70 கலோரி போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்ற ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அதாவது, நாம் கையால் பிழிந்து எறியாமல் விட்ட ஒவ்வொரு கிராம் நீரையும் வெளியேற்ற, அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவானதைப் போல ஏழு மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஓவன் கொடுத்தாக வேண்டும். இரண்டு நிமிடம் துணியை முறுக்கிப் பிழிவது ஓவனின் வேலையில் எவ்வளவைக் குறைக்கிறது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

நான் இப்போது செய்யும் முறையை அளவோடு எழுதுகிறேன். தோல் சீவிய அரை கிலோ கிழங்கைத் துருவியின் பெரிய கண்ணில் நீள நீளமாகத் துருவுகிறேன். சிறிய கண்ணில் துருவினால் மாவுபோல் குழைந்து, இடையில் காற்று புகாமல் அடையாகிவிடும். துருவலைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி வடித்துவிட வேண்டும். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து கசியும் மாவுச்சத்தை இப்படி நீக்கவில்லையென்றால், அது சூட்டில் பசையாகி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஆவி வெளியேறும் வழியை அடைத்துவிடும். அதற்காக இரவு முழுவதும் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளை நான் ஏற்பதில்லை. மாவுச்சத்தோடு நிறம் கொடுக்கும் சர்க்கரையும் கரைந்துபோய், மொறுமொறுப்பு வந்தாலும் வெளிறிய, சுவை குன்றிய ஹாஷ் பிரவுன்தான் கிடைக்கும். வடித்த துருவலில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, இனி ஒரு சொட்டும் விழாது என்று தோன்றும் வரை முறுக்க வேண்டும். தோன்றிய பிறகு துருவலை உதறிப் புரட்டிப்போட்டு இன்னொரு முறை முறுக்கினால் மறுபடியும் நீர் ஓடும். அந்த இரண்டாவது பிழிதலைத்தான் நம்மில் பலரும் செய்வதில்லை.

பிழிந்த நீரை உடனே கொட்டிவிடாமல் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். முதலில் கலங்கலாக இருப்பது மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகி, பழுப்பை நோக்கிப் போகும். கிழங்கிலுள்ள நொதியோடு காற்று சேர்ந்தால் நடக்கும் மாற்றம் அது. துருவலைப் பிழியாமல் திறந்து வைத்தால் அதுவும் கறுப்பது இதனால்தான். நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு ஒட்டியிருக்கும். விரலால் வேகமாகக் குத்தினால் கட்டியாக எதிர்க்கும். மெதுவாக வைத்தால் பால்போல் வழிந்து விரலைச் சூழும். அது கிழங்கின் மாவுச்சத்து. அலசியதில் போனது போக மிஞ்சியிருக்கும் இந்தச் சிறிதளவை வழித்துத் துருவலில் சேர்த்துவிடலாம். இழைகளைப் பிடித்து வைக்க இவ்வளவு போதும். முட்டையோ மாவோ தேவையில்லை. முட்டை சேர்த்தால் துண்டு உடையாமல் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஈரமும் சேர்ந்துகொண்டு மொறுமொறுப்பு மட்டுப்படும்.

அண்மையில் ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன். 500 கிராம் துருவல் பிழிந்த பிறகு 370 கிராமாக இருந்தது. 130 கிராம், அதாவது கால் பங்குக்கும் மேல், ஓவனுக்குள் போவதற்கு முன்பே வெளியேறிவிட்டது. செய்முறை எழுதுபவர்கள் "நன்றாகப் பிழியவும்" என்று எழுதுவதற்குப் பதிலாக, அரை கிலோ துருவல் 370, 380 கிராமுக்கு இறங்கும் வரை பிழியவும் என்று எழுதினால், "நன்றாக" என்பது எவ்வளவு என்று படிப்பவர் தவிக்க வேண்டியிருக்காது.

கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். வெந்தால் பொலபொலவென்று உதிரும் மாவுக்கிழங்கில் நீர் ஒப்பளவில் குறைவு, மாவுச்சத்து கூடுதல். மொறுமொறுப்புக்கு அதுவே ஏற்றது. வெந்தும் மெழுகுபோல் இறுகி நிற்கும் வகையிலும் செய்யலாம், ஆனால் பிழிவதில் இன்னும் அக்கறை வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் நாள்கணக்கில் இருந்த கிழங்கு இதற்கு ஆகாது. குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், உள்ளே காய்வதற்குள் வெளியே கருத்துக் கசப்பேறிவிடுகிறது. என் மகள் ஒருமுறை எல்லாம் சரியாகச் செய்தும் கருத்துப்போனது ஏன் என்று கேட்டு வருந்தியபோது, கிழங்கு எங்கே இருந்தது என்றுதான் முதலில் கேட்டேன். பச்சை நிறம் ஓடிய கிழங்கையும் முளைவிட்ட கண்களையும் வெட்டி எறிந்துவிட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே.

அடுத்தது டிரே. குளிர்ந்த டிரேயில் துருவலைப் பரப்பி ஓவனுக்குள் வைத்தால், டிரே சூடேறும் வரை அடிப்பக்கம் வேகத்தான் செய்யும், வறுபடாது. ஓவனைச் சூடேற்றும்போதே வெறும் டிரேயையும் உள்ளே வைத்துவிட வேண்டும். ஓவன் 220 டிகிரியை எட்டிய பிறகு டிரேயை வெளியே எடுத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை விட்டுச் சுழற்றி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏற்கெனவே பிசறி வைத்த துருவலை உடனே பரப்ப வேண்டும். பரப்பும்போதே "சொர்ர்" என்ற ஓசை கேட்க வேண்டும். அது கேட்கவில்லையென்றால் டிரே இன்னும் சூடாகவில்லை என்று பொருள். சட்டுவத்தால் அழுத்தி அழுத்திச் சமப்படுத்தும் பழக்கம் நம் கையில் ஊறியது. இங்கே அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாக, இழைகளுக்கு நடுவே டிரே ஆங்காங்கே தெரியும்படி இருக்கட்டும். அரை கிலோ கிழங்குக்கு 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள டிரே முழுவதும் தேவைப்படும். கருநிற உலோக டிரே பளபளப்பான அலுமினிய டிரேயைவிட வேகமாகச் சூட்டை வாங்கும். கண்ணாடிப் பாத்திரமும் உயரமான விளிம்புள்ள பாத்திரமும் இதற்கு வேண்டாம். உயர்ந்த விளிம்பு ஆவியைச் சுவர்போலத் தடுத்து நிறுத்தும். அடிபிடிக்கும் என்ற அச்சத்தில் பட்டர் பேப்பர் விரிப்பவர்கள் விரிக்கலாம், அடிப்பக்கத்தின் நிறம் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். சிலிக்கோன் விரிப்பு அதைவிடவும் தாமதப்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

எண்ணெய் எதற்கு என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ஓவனில் செய்வதே எண்ணெயைத் தவிர்க்கத்தான் என்று நினைத்து அதை அறவே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். இழைகளுக்கும் டிரேக்கும் நடுவே காற்று தங்கும் இடைவெளிகளை எண்ணெய் நிரப்பி, சூட்டைச் சீராகக் கடத்துகிறது. அது இல்லையென்றால் துருவல் மொறுமொறுக்காமல் நார்போல் வறண்டுவிடும். ஆனால் மேலே சொன்ன மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. வெண்ணெயை மட்டும் நம்பினால் அதிலுள்ள நீர் ஒருபுறம் ஈரத்தைக் கூட்டும், பால்பொருள் மறுபுறம் இந்தச் சூட்டில் கருகும். வெண்ணெயின் மணம் வேண்டுமென்றால் உருக்கித் தெளிந்த நெய்யே பொருத்தம்.

சூட்டைப் பற்றிய குழப்பம்தான் அச்சில் மிகுதியாகக் காணக் கிடைக்கிறது. சில குறிப்புகளில் 425 டிகிரி என்றும், சிலவற்றில் 220 டிகிரி என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றேதான். முன்னது ஃபாரன்ஹீட், பின்னது செல்சியஸ். எந்த அளவு என்று எழுதாமல் விட்டால், ஃபாரன்ஹீட் குறித்த ஓவனில் 220 வைப்பவர் உண்மையில் 104 டிகிரி செல்சியஸில் கிழங்கை உலர்த்திக்கொண்டிருப்பார். அதுபோலவே, உள்ளே விசிறி சுழலும் ஓவனில் 20 டிகிரி குறைத்து 200 வைத்தால் போதும். விசிறி சூட்டை எங்கும் பரப்புவதோடு, துருவலைச் சுற்றித் தங்கும் ஈரக் காற்றையும் விலக்கிவிடுகிறது. எனவே விசிறி இருப்பவர்கள் அதை அவசியம் போட வேண்டும். ஓவனின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே நிலவும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைக்கும் தனி வெப்பமானியை வைத்துப் பார்த்த நாளில், என் ஓவன் 20 டிகிரி குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பழைய தோல்விகளில் சிலவற்றுக்கு விடையும் அன்றே கிடைத்தது.

முதல் பாதி நேரம் டிரே கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். அடிப்பக்கம் முறுகுவது அங்கேதான். பத்தாவது நிமிடத்தில் கதவை ஒருமுறை திறந்து, சேர்ந்திருக்கும் ஆவியை வெளியேவிட்டு உடனே மூடிவிட வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடத்தில் விளிம்புகள் செம்பழுப்பாகித் தாமாகவே டிரேயை விட்டு எழும்பும். சட்டுவத்தை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒட்டி இழுத்தால் அது இன்னும் ஆகவில்லை. சுரண்டாமல் மூன்று நிமிடம் விட்டுவிட்டால் தானே விடும். பகுதி பகுதியாகத் திருப்பிப் போட்டு, மேல்தட்டுக்கு மாற்றி, மேலும் 10 முதல் 15 நிமிடம். விளிம்பைச் சுற்றி எண்ணெயில் பொங்கும் சிறு குமிழிகள் அடங்குவதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குமிழி என்பது வெளியேறும் நீர். அது அடங்கினால் ஈரம் தீர்ந்தது. கூட்டம் மிகுந்த நாளில் இரண்டு டிரேக்களை ஒன்றாக வைக்க நேர்ந்தால் ஆவியும் இரட்டிப்பாகும் என்பதால், கதவை இருமுறை திறந்து, நடுவில் தட்டுகளை இடம் மாற்றி, பத்து நிமிடம் கூட்டிக்கொள்கிறேன். பன்னிரண்டு பேருக்கு இப்போது அப்படித்தான் செய்கிறேன். இரண்டு இரண்டு டிரேயாக, இரண்டு ஈடு.

நிறம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சமையல் பக்கம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். மாவுச்சத்து மிகுந்த உணவுகள் 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதை 2002-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் அது அதற்கு முன்பே, 1994-இலேயே, சேர்க்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் உணவுத் தயாரிப்பாளர்களுக்கு இதற்கென்று விதித்த நெறிமுறைகள் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது: பொன்னிறத்தில் நிறுத்துவது, கரும்பழுப்புக்குப் போகவிடாமல் இருப்பது. துருவலை நீரில் அலசுவதும் இந்தப் பொருள் உருவாவதைக் குறைக்கும். மொறுமொறுப்பு வேண்டும் என்பதற்காகக் கருகவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிழியாத துருவலை வைத்துக்கொண்டு நேரத்தை நீட்டுபவர்களுக்குத்தான் விளிம்பு கருகி நடுப்பகுதி ஈரமாக நிற்கிறது.

உறைந்த நிலையில் விற்கும் துண்டுகளை வாங்குவோருக்கு இந்த வேலைகள் இல்லை. தயாரிக்கும் இடத்திலேயே அவை அரைவேக்காடாக வறுத்து உறைய வைக்கப்பட்டவை. அவற்றை இளக்காமல் உறைந்தபடியே சூடான டிரேயில் வைத்தால் போதும். இளக்கினால் உருகும் பனி மறுபடியும் ஈரத்தைக் கொண்டுவரும். வெங்காயம் சேர்க்க விரும்பினால் அதையும் துருவிக் கிழங்கோடு சேர்த்துப் பிழிய வேண்டும். மிளகுத்தூளைக் கடைசியில் தூவலாம்.

எடுத்த பிறகு செய்யும் ஒரு தவறு இவ்வளவு உழைப்பையும் வீணாக்கிவிடும். சூட்டோடு தட்டில் அடுக்கி மேலே மூடி போட்டால், உள்ளிருந்து வரும் மிச்ச ஆவி தட்டில் நீராகப் படிந்து ஐந்தே நிமிடத்தில் அடிப்பக்கம் நமுத்துவிடும். கம்பித் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், திறந்தபடி வைக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாள் சூடாக்கும்போதும் மைக்ரோவேவில் வைக்காமல் 200 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் முன்னாள் மொறுமொறுப்பில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ஆகவே, அந்தக் குறிப்பைத் திருத்தி மறுபடியும் வெளியிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்கியாவது இவற்றைச் சேர்க்க வேண்டும்: பிழிவதற்கு முன்னும் பின்னும் துருவலின் எடை, டிரேயின் அளவு, சூடு செல்சியஸா ஃபாரன்ஹீட்டா, விசிறி உண்டா இல்லையா, திருப்பும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அடையாளம். "மொறுமொறுப்பாகும் வரை" என்ற சொற்களுக்குப் பதிலாக "குமிழி அடங்கி, விளிம்பு தானாக எழும்பும் வரை" என்று அச்சிட்டால், புதிதாக ஓவன் வாங்கிய ஒரு வாசகர் கதவுக்கு முன்னால் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் சமையல் பக்கத்தின் நெடுநாள் வாசகி